எட்டில் ஒரு பங்கு வீடாகுமா?

வங்கிக் கடன் கிடைத்துவிட்டது, முன்பணமும் கட்டியாகிவிட்டது, விற்பனை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வழக்கறிஞர் அலுவலகத்தில் வந்து உட்கார்ந்தாயிற்று. அந்த நேரத்தில்தான் ஜெஞ்சாரோம், பந்திங், தெலுக் பங்லிமா காராங் வட்டாரத்து இளையோர் பலருக்கு அந்தக் கேள்வி முதன்முதலாக எதிர்ப்படுகிறது: இதற்கு முன் எப்போதாவது உங்கள் பெயரில் வீடு இருந்திருக்கிறதா? இல்லை என்றுதான் உடனே பதில் வரும். கொஞ்சம் பொறுத்து நினைவு திரும்பும். அப்பா இறந்த பிறகு நில அலுவலகத்தில் ஒரு விசாரணைக்குக் குடும்பமே போனதும், கிராண்டில், அதாவது நில உரிமைப் பத்திரத்தில், அம்மா பெயருக்குக் கீழே பிள்ளைகள் பெயரையும் ஏற்றியதும் ஞாபகத்துக்கு வரும். அந்த ஒரு வரிப் பதிவால், முதல் வீடு வாங்குவோருக்கு அரசாங்கம் தரும் சலுகை அவர்கள் கையை விட்டுப் போகிறது.

சட்டம் சொல்வது இதுதான். 500,000 வெள்ளி வரை விலையுள்ள முதல் வீட்டை வாங்கும் மலேசியக் குடிமகனுக்கு, உரிமை மாற்றப் பத்திரத்துக்கும் கடன் ஒப்பந்தத்துக்கும் முத்திரை வரி முழுமையாக விலக்கப்படுகிறது. 2021 ஜனவரி முதல் நடப்பில் இருக்கும் இந்தச் சலுகையை 2027 இறுதி வரை நீட்டிப்பதாக 2026ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டம் அறிவித்தது. வாங்குபவர் இதற்கு முன் எந்தக் குடியிருப்பு வீட்டுக்கும் உரிமையாளராக இருந்திருக்கக் கூடாது என்பது நிபந்தனை. அதோடு அது நிற்கவில்லை. வாரிசாகவோ அன்பளிப்பாகவோ கிடைத்த வீடும், தனியாகவோ பிறரோடு கூட்டாகவோ வைத்திருந்த வீடும் அதில் அடங்கும் என்று வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். பங்கு எவ்வளவு சிறியது, அந்த வீட்டில் அவர் குடியிருந்தாரா, அதிலிருந்து ஒரு காசாவது அவருக்கு வந்ததா என்றெல்லாம் நிபந்தனை கேட்பதில்லை.

இதன் விலையைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 300,000 வெள்ளி வீட்டுக்கு உரிமை மாற்ற முத்திரை வரி முதல் ஒரு லட்சத்துக்கு ஒரு விழுக்காடு, மீதி இரண்டு லட்சத்துக்கு இரண்டு விழுக்காடு, ஆக 5,000 வெள்ளி. விலையில் 90 விழுக்காட்டை, அதாவது 270,000 வெள்ளியைக் கடனாக எடுத்தால் கடன் ஒப்பந்தத்துக்கு அரை விழுக்காடு, 1,350 வெள்ளி. இரண்டும் சேர்ந்து 6,350 வெள்ளி. மாதம் 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளம் வாங்கும் ஒருவருக்கு அது ஏறக்குறைய நான்கு மாத உழைப்பு. வழக்கறிஞர் கட்டணம், முன்பணம், மின்சார, தண்ணீர் வைப்புத்தொகை எல்லாவற்றுக்கும் மேலே வந்து விழும் செலவு இது. கடைசி நேரத்தில் தெரியவருவதால் இதற்கென்று யாரும் பணம் ஒதுக்கி வைத்திருப்பதில்லை. முன்பணம் கட்டிய பிறகு வீட்டை விட்டுவிடவும் முடியாது. நகையை அடகு வைக்கிறார்கள், அல்லது உறவினரிடம் கை நீட்டுகிறார்கள்.

இனி அந்தப் பங்கைப் பார்ப்போம். உயில் எழுதாமல் இறக்கும் முஸ்லிம் அல்லாதாரின் சொத்து, தீபகற்ப மலேசியாவில் 1958ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டத்தின்படி பிரிகிறது. ஒருவர் மனைவியையும் நான்கு பிள்ளைகளையும் வயதான தாயையும் விட்டுச் செல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மனைவிக்குக் கால் பங்கு, தாய்க்குக் கால் பங்கு, பிள்ளைகள் நால்வருக்கும் சேர்த்து அரைப் பங்கு. ஒரு பிள்ளைக்கு வருவது எட்டில் ஒன்று. வீட்டின் மதிப்பு 240,000 வெள்ளி என்றால் அந்த எட்டில் ஒன்று காகிதத்தில் 30,000 வெள்ளி. அது காகிதத்தில் மட்டும்தான். அம்மாவும் பாட்டியும் குடியிருக்கும் வீட்டில் எட்டில் ஒரு பங்கை வெளியாள் யார் வந்து வாங்குவார்? எந்த வங்கி அதன் மேல் கடன் கொடுக்கும்? உடன்பிறந்தவர்கள் ஒத்துவராவிட்டால் நீதிமன்றத்துக்குப் போய்த்தான் விற்க வேண்டும். அம்மா உயிரோடு இருக்கும்போது அவர் தலைக்கு மேலிருக்கும் கூரையை விற்கச் சொல்லி நீதிமன்றப் படியேறும் பிள்ளையை நம் சமூகம் எப்படிப் பார்க்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. விற்கவும் முடியாது, குடியிருக்கவும் இடம் இல்லை, கடனும் எடுக்க முடியாது. அப்படிப்பட்ட ஒன்றை வீடு என்று எண்ணித்தான் சலுகையை மறுக்கிறார்கள்.

எனக்கு இதில் மிகவும் வருத்தம் தருவது வேறொன்று. இந்த விலக்குக்கு வருமான வரம்பு கிடையாது. மாதம் 15,000 வெள்ளி சம்பாதிப்பவரின் பெற்றோர் இருவரும் நலமாக வாழ்கிறார்கள், மகன் முதல் வீடு வாங்கட்டும் என்று முன்பணத்துக்கு ஒரு லட்சம் வெள்ளி ரொக்கமாகக் கொடுக்கிறார்கள். அவர் 500,000 வெள்ளி வீடு வாங்கினால் 11,000 வெள்ளி வரை அவருக்கு மிச்சம். ரொக்கம் கணக்கில் வராது. பங்குச் சந்தை முதலீட்டை வாரிசாகப் பெற்றாலும், காப்புறுதிப் பணத்தைப் பெற்றாலும், அப்பாவின் ஊழியர் சேம நிதியைப் பெற்றாலும் அவர் முதல் வீடு வாங்குபவர்தான். ஏழைத் தகப்பன் விட்டுச் செல்லக்கூடியது அவன் வாழ்ந்த வீடு ஒன்றே. அதில் எட்டில் ஒன்று வந்தவருக்குத்தான் கதவு அடைபடுகிறது. பணக்காரரின் வாரிசுரிமையைக் காணாமல் விட்டு ஏழையின் வாரிசுரிமையை மட்டும் எண்ணும் அளவுகோலை நியாயமானது என்று என்னால் ஏற்க முடியவில்லை.

இது நம் மக்களை ஏன் அதிகம் தாக்குகிறது என்பதற்கு வரலாறு உண்டு. கோல லங்காட் மாவட்டத்தில் தமிழர்களின் வாழ்வு தோட்டத்தோடு பிணைந்திருந்தது. கேரித் தீவிலும் பந்திங்கைச் சுற்றியும் ரப்பரும் பிறகு செம்பனையுமாகத் தலைமுறைகள் கழிந்தன. லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம். வேலை போனால் வீடும் போகும். 1960இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது, துண்டாடப்பட்டு விற்கப்பட்ட தோட்டங்களைத் தொழிலாளர்களே பங்கு போட்டு வாங்க வேண்டும் என்பதற்காகத்தான். தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறத் தொடங்கியபோது வெளியேறிய குடும்பங்களுக்குக் கிடைத்தது மலிவு விலை வீடு. 1980களில் 25,000 வெள்ளி என்று இருந்த அதன் விலை, 1998க்குப் பிறகு இடத்தைப் பொறுத்து 42,000 வெள்ளி வரை போனது. சேம நிதியில் எடுத்தும், கூட்டுப் போட்டும், நகையை விற்றும் அந்த வீடுகளை வாங்கினார்கள். பல குடும்பங்களில் மூன்று தலைமுறையில் முதன்முதலாகச் சொந்தப் பெயரில் பதிந்த கூரை அதுதான்.

அதை வாங்கிய தலைமுறை இப்போது ஒவ்வொருவராகக் கண் மூடுகிறது. இதே காலத்தில் ஜெஞ்சாரோம் பக்கமும் மாறிவிட்டது. அவசரகாலத்தில் புதுக்கிராமமாக உருவான அந்த ஊரைச் சுற்றி, கிள்ளான்-பந்திங் சாலை நெடுகிலும் புதிய வீடமைப்புத் தாமான்கள் எழுகின்றன. தென் கிள்ளான் பள்ளத்தாக்கு விரைவுச் சாலை வந்த பிறகு கோலாலம்பூரில் வேலை செய்பவர்களும் இந்தப் பக்கம் வீடு தேடி வருகிறார்கள். நிலத்தின் விலை ஏறுகிறது. லயத்தில் பிறந்தவரின் பேரன் தன் ஊரிலேயே வீடு வாங்க நினைக்கும்போது, தாத்தா பாடுபட்டுத் தேடிய வீடே தடையாக நிற்கிறது.

நிபந்தனையின் கொடுமை முழுவதும் அதிலுள்ள ‘ஒருபோதும்’ என்ற தன்மையில் இருக்கிறது. பங்கை அண்ணனுக்கு எழுதிக் கொடுத்துப் பத்து ஆண்டு ஆகிவிட்டாலும் பழைய பதிவு பதிவுதான். தகப்பன் இறந்தபோது எட்டு வயதாக இருந்த பெண்ணை எண்ணிப் பாருங்கள். அவள் பங்கைப் பாதுகாவலர் வழியாகப் பதிவு செய்கிறார்கள். அவள் பள்ளி முடித்து, வேலைக்குப் போய், இருபத்தெட்டு வயதில் வீடு வாங்க வரும்போது, எட்டு வயதிலேயே வீட்டு உரிமையாளராக இருந்தவள் என்று சட்டம் அவளைப் பார்க்கிறது. தகப்பனை இளமையில் இழந்த பிள்ளைக்கு அரசாங்கத்தின் உதவி கூடுதலாகக் கிடைக்க வேண்டும். இங்கே குறைகிறது.

பங்கு பிரிக்காமலே கிடக்கும் சொத்தின் நிலை இன்னும் விந்தையானது. தாத்தா பெயரிலேயே கிராண்டு இருக்கும் வீடுகள் நம்மிடையே எத்தனை! நிர்வாகம் முடிந்து பங்கு பிரியாதவரை வாரிசுக்கு எந்தக் குறிப்பிட்ட சொத்திலும் உரிமை பிறப்பதில்லை என்பது பழைய சட்டக் கோட்பாடு. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் ஒரு விதவையின் பரம்பரைச் சொத்து மீது மரண வரி கேட்டு எழுந்த லிவிங்ஸ்டன் வழக்கில், 1964இல் லண்டன் பிரிவி கவுன்சில் இதை உறுதி செய்தது. கணவரின் சொத்து நிர்வாகம் முடியும் முன்னே அவரும் இறந்துவிட்டார். அங்கிருந்த நிலங்களில் அவருக்கென்று பலனுரிமை ஏதும் அப்போது இல்லை, முறையாக நிர்வாகம் நடக்க வேண்டும் என்று கேட்கும் உரிமை மட்டுமே இருந்தது என்று தீர்ப்பு வந்தது. அந்தக் காலத்தில் மலேசியாவுக்கும் அதுவே இறுதி மேல்முறையீட்டு மன்றம். அதன்படி பார்த்தால், தாத்தாவின் பெயரிலேயே கிராண்டைப் போட்டு வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளை எந்த வீட்டுக்கும் உரிமையாளர் அல்ல. நில அலுவலகத்துக்கு அலைந்து, மரணச் சான்றிதழும் பிறப்புப் பத்திரமும் தேடி எடுத்து, விசாரணைக்கு எல்லோரையும் கூட்டி வந்து, முறையாகப் பெயர் மாற்றிய குடும்பத்துப் பிள்ளை உரிமையாளர். ஒழுங்காக நடந்தவருக்குத் தண்டனை, தள்ளிப் போட்டவருக்குச் சலுகை. உரிமை மாற்றப்படாமல் முடங்கிக் கிடக்கும் சொத்து பல ஆயிரம் கோடி வெள்ளி என்று அரசாங்கமே கவலைப்படும் நாட்டில், பெயர் மாற்றாமல் இருப்பதற்கு இன்னொரு காரணத்தையும் அரசாங்கமே கொடுத்து வைத்திருக்கிறது.

பெண்களின் கதை தனி. பங்கீட்டுச் சட்டம் மகன், மகள் என்று பிரித்துப் பார்ப்பதில்லை. பிள்ளைகள் எல்லோருக்கும் சமபங்கு. (தமிழ் முஸ்லிம் குடும்பங்களில் பராயிட் என்னும் இஸ்லாமியப் பங்கீட்டு முறைப்படி பங்கு வேறாகப் பிரியும், ஆனால் கிராண்டில் பெயர் ஏறினால் இதே தடைதான்.) சட்டம் சமமாகக் கொடுத்ததை வீட்டுப் பேச்சு எடுத்துக்கொள்வது நமக்குத் தெரியாததல்ல. “அம்மாவ நான் பாத்துக்கிறேன், நீ ஒரு கையெழுத்து மட்டும் போட்டுக் குடுத்துடும்மா” என்று அண்ணன் கேட்பார். இப்போது அதற்கு ஒரு புதிய வாதமும் சேர்ந்திருக்கிறது: “உன் பேரு ஏறிச்சுன்னா நாளைக்கு உனக்கு வீடு வாங்குற சலுகை போயிடும்.” சொல்வது பொய்யும் இல்லை. அதனால்தான் அது வலுவாக வேலை செய்கிறது. 2024 ஜனவரி முதல், வாரிசு ஒருவர் தன் பங்கை இன்னொரு வாரிசுக்கு விட்டுக்கொடுக்கும் பத்திரத்துக்கு முத்திரை வரி வெறும் 10 வெள்ளி. குடும்பங்களின் சுமையைக் குறைத்த நல்ல மாற்றம் அது. ஆனால் 30,000 வெள்ளி மதிப்புள்ள பங்கை 10 வெள்ளிச் செலவில் விட்டுக்கொடுக்கவும் இப்போது வழி திறந்திருக்கிறது. அந்த வழியில் தங்கைகளைத் தள்ளிவிடுவதாக முதல் வீட்டு நிபந்தனை அமைந்துவிடக் கூடாது.

அவள் கையெழுத்துப் போடாமல் பங்கை வைத்துக்கொண்டால்? திருமணத்துக்குப் பிறகு கணவனும் மனைவியும் சேர்ந்து வீடு வாங்கும்போது, இருவர் பெயரிலும் வாங்கினால் இருவருமே முதல் வீடு வாங்குபவர்களாக இருக்க வேண்டும். மனைவியிடம் எட்டில் ஒரு பங்கு இருக்கிறது. சலுகை போகாமலிருக்க என்ன செய்வார்கள்? கணவன் பெயரில் மட்டும் வாங்குவார்கள். மாதத் தவணையில் பாதியை அவள் கட்டுவாள், கிராண்டில் அவள் பெயர் இருக்காது. ஆக, அப்பா வீட்டு உரிமையை விட்டால்தான் கணவன் வீட்டில் பெயர், வைத்துக்கொண்டால் அங்கே பெயர் இல்லை. பெண்ணுக்குச் சொத்துரிமை கிடைக்கப் பல ஆண்டுகள் போராடிய சமூகம் இதைப் பேசாமல் இருப்பது எனக்குப் புரியவில்லை.

இந்த நிபந்தனைக்கு ஒரு காரணம் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். சலுகைக்கு ஆகும் செலவு பொதுப் பணம். ஏற்கெனவே வீடு உள்ளவர் மகன் பெயரில் ஒன்று, மருமகள் பெயரில் ஒன்று என்று வாங்கிக் குவிக்கக் கூடாது. அன்பளிப்பு என்ற பெயரில் முழு வீட்டை வாங்கிக்கொண்டு, பிறகு முதல் வீடு என்று வந்து நிற்பவரைத் தடுக்கத்தான் வேண்டும். ஆனால் முழு வீட்டுக்கும் எட்டில் ஒன்றுக்கும், கேட்டு வாங்கிய அன்பளிப்புக்கும் மரணத்தால் வந்து சேர்ந்த பங்குக்கும் வேற்றுமை காணத் தெரியாத விதி, மோசடிக்காரரோடு சேர்த்து அப்பாவியையும் பிடிக்கிறது.

மற்ற நாடுகள் இதை எப்படிக் கையாள்கின்றன? சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கடுமையானது. உயில் மூலமோ உயில் இல்லாமலோ வாரிசாக வந்த பங்கையும், அன்பளிப்பையும், பிறர் பெயரில் வைத்திருப்பதையும் சொத்தாகவே எண்ணும். ஆனால் அந்தத் தனியார் சொத்தை விற்றோ விட்டுக்கொடுத்தோ 30 மாதம் காத்திருந்தால் புதிய வீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். திரும்பி வர ஒரு வழி இருக்கிறது. இங்கிலாந்தில் முதல் வீட்டுச் சலுகைக்கு வாரிசுப் பங்கும் தடைதான். அதே நாடு இரண்டாவது வீட்டுக்கான கூடுதல் முத்திரை வரியில் நியாயம் பார்க்கிறது: வீடு வாங்குவதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்குள் வாரிசாக வந்த பங்கு, பாதிக்கு மேற்படாமல் இருந்தால் அதைக் கணக்கில் எடுப்பதில்லை. இந்தியாவின் பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தில், குடும்பத்தில் எவர் பெயரிலும் நாட்டில் எங்கும் நிரந்தரக் கட்டட வீடு இருக்கக் கூடாது என்பது விதி. ஆனாலும் சம்பாதிக்கும் வயதுவந்த மகனையோ மகளையோ, அவர் பெயரில் வீடு இல்லாதபோது, தனிக் குடும்பமாக எண்ண அந்தத் திட்டம் இடம் கொடுத்தது.

அவ்வளவு தூரம் போக வேண்டியதும் இல்லை. நம் நாட்டிலேயே 2012ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த பிரிமா நிறுவனம், விண்ணப்பதாரருக்கும் துணைவருக்கும் சேர்த்து ஒரு சொத்து வரை இருந்தாலும் வீடு வாங்க விண்ணப்பத்தை ஏற்கிறது. ஒரே நாட்டின் அரசாங்கம் ஒரு திட்டத்தில் முழு வீடு வைத்திருப்பவரையும் ஏற்கிறது, இன்னொன்றில் எட்டில் ஒரு பங்கு வைத்திருப்பவரைத் தள்ளுகிறது. பிரிமா வீட்டையே வாங்கினாலும், வாரிசுப் பங்கு உள்ளவருக்கு முத்திரை வரி விலக்கு இல்லை. இரண்டு கொள்கைகளும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டதாகத் தெரியவில்லை.

திருத்தம் சிக்கலானதல்ல. வாரிசாக வந்த பங்கு பாதிக்கு மேற்படாமல் இருந்து, வாங்குபவர் அந்த வீட்டில் குடியிருக்காமலும், அதிலிருந்து வாடகை பெறாமலும் இருந்தால், அது வீடாகக் கருதப்படாது என்று விலக்கு ஆணையில் ஒரு பிரிவு சேர்த்தால் போதும். பதினெட்டு வயதுக்கு முன் பதிவான பங்கை அடியோடு விட்டுவிட வேண்டும். மோசடி பயம் இருந்தால் அதைத் தடுக்கும் கருவி ஏற்கெனவே கையில் உண்டு. முதல் வீடு வாங்குபவர் இன்றும் 1960ஆம் ஆண்டுச் சட்டப்படி சத்தியப் பிரமாணப் பத்திரம் கொடுக்கத்தான் செய்கிறார். பொய் சொன்னால் அது குற்றம். பங்கின் அளவு கிராண்டிலேயே பின்னமாக எழுதப்பட்டிருக்கிறது. யாரும் மறைக்க முடியாது. சிலாங்கூர் மாநிலமும் தன் மலிவு விலை வீட்டு விண்ணப்பங்களில் சொத்து விவரம் கேட்கும்போது பங்கின் அளவையும் கேட்டு, அதற்கேற்ப முடிவெடுக்கலாம். ஆம், இல்லை என்ற இரண்டே கட்டங்களில் ஒரு குடும்பத்தின் நிலைமை அடங்காது.

விதி மாறும் வரை நம் குடும்பங்கள் செய்ய வேண்டியது உண்டு. பங்கீட்டு விசாரணைக்குப் போகும் முன்பே உட்கார்ந்து பேசுங்கள். பெயர் பதிவான பிறகு விட்டுக்கொடுத்தாலும் பழைய பதிவு அழியாது. ஆகவே முடிவு முன்னதாகவே எடுக்கப்பட வேண்டும். சிறு சொத்துப் பங்கீடு இன்று 50 லட்சம் வெள்ளி வரையிலான சொத்துகளுக்கு நில அலுவலக வழியாகவே நடக்கிறது. பந்திங்கில் உள்ள மாவட்ட நில அலுவலகத்தில் விசாரித்தாலே நடைமுறை தெரிந்துவிடும். ஒருவர் விட்டுக்கொடுப்பதாக இருந்தால் அவர் பங்குக்கு ஈடாக என்ன தருவது என்பதை எழுத்தில் வையுங்கள். அது தங்கையாக இருந்தால் இரட்டிப்பு அக்கறையோடு எழுதி வையுங்கள். வீடு வாங்க முன்பணம் கட்டும் முன் வாரிசுச் சொத்து பற்றி வழக்கறிஞரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். அவர் கேட்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். எக்காரணத்தைக் கொண்டும் பெயர் ஏறியிருப்பதை மறைத்துப் பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். சில ஆயிரம் வெள்ளிக்காக வழக்கில் நிற்க வேண்டி வரும்.

நிதி அமைச்சும் வீடமைப்பு, ஊராட்சித் துறை அமைச்சும் ஒன்றாக அமர்ந்தால் ஒரு நாளில் எழுதி முடிக்கக்கூடிய திருத்தம் இது. நாடாளுமன்றத்தில் புதுச் சட்டம் தேவையில்லை, அமைச்சரின் விலக்கு ஆணையைத் திருத்தினால் போதும். கிள்ளான் பள்ளத்தாக்கில் நம் வாக்கு பெற்று நாடாளுமன்றத்தில் அமர்ந்திருப்பவர்கள் அடுத்த வரவு செலவுத் திட்டத்துக்கான ஆலோசனைக் கூட்டங்களில் இதை எழுப்ப வேண்டும். வாரிசுப் பங்கால் சலுகை மறுக்கப்பட்ட வாசகர்கள் தங்கள் தொகுதி அலுவலகத்துக்கு எழுத்து மூலம், கிராண்டின் நகலோடு தெரிவியுங்கள்.